பேய் முகமூடியும் மழைக்கணக்கும்

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். மன் ஆற்றின் கரையில் ஒரு சிறு கூட்டம் மெழுகுவர்த்தியும் பூவும் ஏந்தி நிற்கிறது. ஒருவர் தண்ணீரில் மூழ்கி, கையில் ஒரு கல்லோடு எழுகிறார். "இவர்தானா?" என்று கரையைப் பார்த்துக் கேட்கிறார். "இல்லை" என்கிறார்கள். கல்லை ஆற்றிலேயே விட்டுவிட்டு மறுபடி மூழ்குகிறார். அடுத்த கல்லுக்கும் "இல்லை"தான். மூன்றாவதாக ஒரு வெள்ளைக் கல் வருகிறது. "ஆமாம், இவர்தான்." மேளம் ஆரம்பிக்கிறது. கல்லைத் தட்டில் வைத்து ஊர்வலமாக வாட் போன் சாய் விகாரைக்குக் கொண்டுபோகிறார்கள்.

தாய்லாந்தின் வடகிழக்கில், லாவோஸ் எல்லையை ஒட்டிய லோய் மாகாணத்தில், டான் சாய் என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவின் முதல் காட்சி இது. வெளியுலகம் இந்தத் திருவிழாவை 'பேய்த் திருவிழா' என்று அழைக்கிறது. ஆனால் தொடக்கத்தில் பேய் எதுவும் இல்லை. இருட்டு, ஆறு, ஒரு கல், அவ்வளவுதான்.

அந்தக் கல் யார்? ப்ரா உபகுத். நம் பக்கத்துப் பெயர் உபகுப்தர். வடமொழி நூல்கள் இவரை மதுரா நகரத்து வாசனைப் பொருள் வணிகரின் மகன், அசோகர் காலத்துத் துறவி என்று சொல்கின்றன. பர்மா, லாவோஸ், வட தாய்லாந்து மக்களுக்கு அவர் இன்னும் சாகவில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு மாளிகையில் தியானத்தில் இருக்கிறார். பௌத்தக் கதைகளில் நல்ல காரியத்தைக் கெடுக்க வரும் தீயவன் மாரனையே கட்டிப்போட்டவர் அவர். அதனால் பெரிய விழா எடுக்கும்போது அவரைக் கூப்பிட்டுக் காவலுக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாரன் புகுந்து சண்டை, விபத்து, குடிவெறி என்று ஏதாவது கிளப்பிவிடுவான். மூன்று நாளும் அரிசிச் சாராயம் ஓடும் திருவிழாவுக்கு இப்படி ஒரு காவலர் தேவைதான்.

பெயரைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முகமூடி போட்டு ஆடுபவர்களுக்கு 'பி தா கோன்' என்று பெயர். 'பி' என்றால் பேய், ஆவி. தாய்லாந்துக்காரர்கள் அந்தச் சொல்லை நன்றாக நீட்டித்தான் உச்சரிக்கிறார்கள். தமிழில் நீட்டி எழுதினால் கதை நாறிவிடும் என்பதால் குறுக்கியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் இந்தத் திருவிழாவை 'புன் லுவாங்' என்கிறார்கள். 'புன்' வேறொன்றும் இல்லை, நம் புண்ணியம்தான்; பாலி வழியாக அங்கே போய்த் தேய்ந்திருக்கிறது. 'லுவாங்' என்றால் பெரிய. ஆக, 'பெரும் புண்ணியம்'. ஊரில் அதன் பெயர் புண்ணியம், சுவரொட்டியில் பேய். மீதிக் கதை முழுக்க இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

வடகிழக்குத் தாய்லாந்தை 'ஈசான்' என்பார்கள். ஈசானிய மூலை என்று நாம் சொல்கிறோமே, அதே சொல். இங்குள்ள கிராமங்களில் ஆண்டு முழுவதையும் 'ஹீத் சிப் சோங்', அதாவது பன்னிரண்டு வழக்கங்கள், நடத்துகின்றன. சந்திர மாதத்துக்கு ஒரு புண்ணியம். இரண்டாம் மாதம் களத்தில் நெல்லைக் குவித்து ஒரு புன். நான்காம் மாதம் புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான வெஸ்ஸந்தர ஜாதகம் கேட்கும் புன் பவேத். ஐந்தாம் மாதம் புத்தாண்டான சொங்க்ரான். ஆறாம் மாதம் மூங்கில் ராக்கெட் விடும் புன் பங் ஃபாய். எட்டாம் மாதம் துறவிகள் விகாரைக்குள் மழைக்கால வாசம் தொடங்குவது. ஒன்பதாம் மாதத்து அமாவாசையை ஒட்டி, இறந்தவர்களுக்காகச் சோற்றுப் பொட்டலங்களைத் தரையில் வைப்பது. பதினொன்றில் மழைக்கால வாசம் முடிகிறது, அப்புறம் துறவிகளுக்குச் சீவரம், அதாவது காவி உடை, வழங்கும் 'கடின' என்ற விழா.

பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இது பஞ்சாங்கமாகத் தெரியாது, வயலின் வேலைத் திட்டமாகத் தெரியும். ஈசானில் நெல் பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். மழை வருமா, எப்போது வரும் என்ற கவலைதான் நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரையிலான விழாக்களை இழுத்துக்கொண்டு போகிறது. மற்ற ஊர்களில் தனித்தனியாக நடக்கும் பவேத்தையும் பங் ஃபாயையும் டான் சாய்க்காரர்கள் ஒன்றாகக் கட்டி, நடவு தொடங்கும் ஜூன் அல்லது ஜூலையில் மூன்று நாள் கொண்டாடுகிறார்கள். அதனால்தான் அது 'பெரும்' புண்ணியம்.

ராக்கெட்டுக்கும் மழைக்கும் உள்ள உறவு நேரடியானது. வானத்தில் பாயா தேன் என்ற தெய்வம் இருக்கிறது. மழை அதன் பொறுப்பு. மறந்துபோய்விட்டால் கீழேயிருந்து வெடியுப்பும் கரியும் திணித்த குழாயை மேலே அனுப்பி ஞாபகப்படுத்த வேண்டும். மனுப் போடுவது மாதிரி. புகை வைத்துச் சத்தத்தோடு போகிற மனு என்பதுதான் வித்தியாசம்.

வெஸ்ஸந்தர ஜாதகத்துக்கும் மழைக்கும் உள்ள உறவு அவ்வளவு வெளிப்படையானதில்லை. எனக்கு இந்தத் திருவிழாவில் மிகவும் பிடித்த இடம் அதுதான். கதை இப்படிப் போகும். சிவி நாட்டு இளவரசன் வெஸ்ஸந்தரன் யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவான். (சோழர்கள் தங்கள் முன்னோன் என்று சொல்லிக்கொண்ட சிபியின் பெயரும் இந்த நாட்டோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) அவனிடம் ஒரு வெள்ளை யானை இருந்தது. அது போகுமிடமெல்லாம் மழை பெய்யும். கலிங்க நாட்டில் பஞ்சம் வந்தபோது அங்கிருந்து எட்டு பிராமணர்கள் வந்து யானையைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டான். ஊர் கொதித்தெழுந்தது. மழை யானையை எடுத்துக் கொடுப்பவன் எதற்கு நமக்கு? மனைவி மத்தியோடும் இரண்டு குழந்தைகளோடும் அவனைக் காட்டுக்கு அனுப்பினார்கள். காட்டில் ஜூஜகன் என்ற கிழவன் வந்து குழந்தைகளைக் கேட்டான். கொடுத்தான். மனைவியைக் கேட்டார் ஒருவர். அவர் மாறுவேடத்தில் வந்த சக்கன், அதாவது இந்திரன். அவளையும் கொடுத்தான். கடைசியில் எல்லாரும் மீண்டும் ஒன்று சேர்ந்து, அவன் ஊருக்குத் திரும்புகிறான்.

கொடை என்றாலே பதறாமல் கேட்க முடியாத கதை இது. பிள்ளைகளை ஒருவன் தூக்கிக் கொடுப்பதைப் புண்ணியம் என்று ஏற்க என் மனம் இன்றுவரை ஒப்பவில்லை. ஆனால் உழவன் காதால் கேட்டால் கதையின் எலும்பு வேறு: மழை யானை போனதால் இளவரசன் போனான், இளவரசன் திரும்பினால் மழையும் திரும்பும்.

அந்தத் திரும்பி வருதலைத்தான் டான் சாய் இரண்டாம் நாள் நடித்துக் காட்டுகிறது. ஊர் எல்லையில் வெஸ்ஸந்தரரை அழைத்து ஊருக்குள் ஊர்வலம் வருகிறார்கள். இளவரசனைப் பார்த்த மகிழ்ச்சியில் காட்டிலிருந்த பேய்களும் ஆவிகளும்கூடப் பின்தொடர்ந்து வந்தன என்று ஊரார் சொல்கிறார்கள். 'பி தாம் கோன்', ஆளைத் தொடர்ந்து வந்த பேய். அதுவே நாளடைவில் 'பி தா கோன்' ஆனது என்பது அவர்கள் தரும் விளக்கம். சொல்லாராய்ச்சி எவ்வளவு தேறுமோ தெரியாது, ஆனால் பேய்களின் வேலை என்ன என்பது இதில் தெளிவாகிவிடுகிறது. அவை மிரட்ட வந்த பேய்கள் அல்ல, மாப்பிள்ளை ஊர்வலத்தில் முன்னால் ஆடிக்கொண்டு போகிற பயல்கள் மாதிரி.

முகமூடியைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். ஈசானில் மூன்று வேளையும் ஒட்டரிசிச் சோறுதான். அதை வேகவைக்க மூங்கிலில் பின்னிய கூம்புக் கூடை ஒன்று உண்டு, 'ஹுவத்' என்று பெயர். அடியில் பானைத் தண்ணீர் கொதிக்க, கூடைக்குள் அரிசி ஆவியில் வேகும். நம் புட்டுக்குழலின் அகன்ற வாய்ச் சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடையைக் கவிழ்த்து மடித்து அழுத்தினால் தலைக்கு மேல் கொம்பு வைத்த குல்லாய் ஆகிவிடும். அதன் கீழே தென்னை மட்டையின் அகன்ற அடிப்பாகத்தைத் தைக்கிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் கிரிக்கெட் மட்டை செதுக்குவது இதே பாகத்தில்தான். அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய்க்குப் பல்வரிசை. மூக்கு மென்மரத்தில் செதுக்கியது. பழைய முகமூடிகளில் மூக்கு மனித மூக்கின் அளவுதான் இருந்தது. இன்று அது யானைத் துதிக்கை போல நீண்டு வளைந்திருக்கிறது. வண்ணமும் அப்படித்தான். முன்பு கரி, சுண்ணாம்பு, மஞ்சள். இப்போது பளபளக்கும் எனாமல் பெயின்ட்.

உடம்புக்குக் கந்தல். பழைய போர்வை, கிழிந்த கொசுவலை, துணித் துண்டுகள் எல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்த அங்கி. இடுப்பில் மாட்டு மணிகள். நடந்தால் கணகணவென்று தெருவே அதிரும். கையில் மரக் கத்தி. கத்தியின் பிடி ஆண்குறி வடிவத்தில் சிவப்பு முனையோடு இருக்கும். அதை வைத்துக்கொண்டு பெண்களைத் துரத்துவதும், பாட்டிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும், சின்னப் பிள்ளைகள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாததும் ஒரே தெருவில் நடக்கும். வெளியூர்ப் பார்வைக்கு ஆபாசம். ஊருக்கு அது விதை, விளைச்சல், பெருக்கம். மழை கேட்கிற இடத்தில் கூச்சத்துக்கு என்ன வேலை?

பி தா கோனில் இரண்டு வகை. மேலே சொன்னது சின்னப் பேய். யார் வேண்டுமானாலும் கட்டலாம். பெரிய பேய் மூங்கில் சட்டத்தில் செய்தது, ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. ஆண் ஒன்று, பெண் ஒன்று, அங்க அடையாளங்களை ஒளிக்காமல். அதை நினைத்தவர்கள் செய்துவிட முடியாது. ஊர் ஆவிகளின் சம்மதம் பெற்றவர்கள்தான் செய்யலாம். ஒருமுறை எடுத்தால் தொடர்ந்து மூன்று ஆண்டு செய்ய வேண்டும் என்பது கணக்கு.

ஆவிகளின் சம்மதத்தை யார் வாங்கித் தருவது? இங்கேதான் டான் சாயின் உண்மையான அதிகார மையம் வருகிறது. சாவ் போ குவான் என்ற ஆண், சாவ் மே நாங் தியாம் என்ற பெண். இருவரும் ஊர்க்காவல் ஆவிகள் இறங்கும் சாமியாடிகள். குவான் வெள்ளை உடுத்தி, நீண்ட முடியைக் கொண்டை போட்டிருப்பார். கல்லை விகாரையில் வைத்ததும் ஊர்வலம் நேராக அவர் வீட்டுக்குத்தான் போகும். அங்கே 'பாய் சி' எனும் வாழையிலைக் கோபுரத்தைச் சுற்றி உட்கார்ந்து, உடம்பை விட்டு அலைகிற உயிர்க்கூறுகளை அழைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். இரண்டாம் நாள் ஊர்வலத்தில் குவான் மூங்கில் ராக்கெட்டின் மேல் அமர்ந்து வருவார். ஆட்கள் தூக்கிக்கொண்டு வர, மேலிருந்து காசுகளை வீசுவார். புத்தர் கதையில் வரும் இளவரசன், ஆவி இறங்கும் சாமியாடி, வானத்துக்குப் போகும் ராக்கெட் மூன்றும் அங்கே ஒரே பல்லக்கில் வந்துவிடுகின்றன.

தேதி குறிப்பதும் அவர்கள் கையில்தான். நாட்காட்டியில் அச்சடித்த நாள் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஆண்டும் ஆவிகளைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அறை முன்பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் விளம்பரம் தயாரிப்பவர்களுக்கும் இதைவிடத் தலைவலி இருக்க முடியாது. எனக்கென்னவோ இந்த ஒரு தலைவலிதான் திருவிழாவை இன்னும் ஊர்க்காரர்களிடம் வைத்திருக்கிறது என்று படுகிறது.

இந்தச் சாமியாடிகளின் பொறுப்பு திருவிழாவோடு முடிவதில்லை. ஊருக்கு வெளியே, அதே மன் ஆற்றங்கரையில் ப்ரா தாட் சி சோங் ராக் என்ற தாதுகோபுரம் நிற்கிறது. 'தாட்' நம் தாதுதான். 1560-இல் தொடங்கி 1563-இல் முடித்தார்கள். மேற்கேயிருந்து பர்மியப் படைகளின் அச்சுறுத்தல் வளர்ந்துகொண்டிருந்த காலம். சயாமிய அரசான அயுத்தயாவின் மகா சக்ரபத் மன்னரும், லாவோ அரசான லான் சாங்கின் செத்தாதிராத் மன்னரும் ஒருவர் நிலத்தை மற்றவர் கவர்வதில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதற்குச் சாட்சியாக எழுப்பியது இது. பெயரின் பொருளே இருவர் நட்பு. அதனால் அங்கே சிவப்புக்கு அனுமதி இல்லை. சிவப்பு ரத்தத்தின் நிறம். நட்பின் இடத்தில் ரத்தம் கூடாது. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், பூவும் சிவப்பாக இருக்கக்கூடாது. ஆறாம் மாதப் பௌர்ணமிக்கு, அதாவது வைகாசி விசாகத்தை ஒட்டி, மெழுகால் பூச்செய்து கட்டிய சிறு கோபுரங்களை அங்கே காணிக்கையாக வைப்பார்கள்.

நட்புக் கோபுரம் எல்லைச் சண்டையைத் தடுத்ததா என்றால், ஒரு கூத்து நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் லாவோஸைப் பிடித்த பிறகு, 1904 ஒப்பந்தத்தையடுத்து எல்லை குறித்தபோது டான் சாய் அவர்கள் பக்கம் போனது. 1907 ஒப்பந்தத்தில் சயாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) பட்டம்பாங், சியம் ரீப் உள்ளிட்ட கம்போடியப் பகுதிகளை விட்டுக்கொடுத்தபோது, பதிலுக்குத் திரும்பக் கிடைத்தவற்றில் திராட்டும் டான் சாயும் இருந்தன. அங்கோர் வாட் இருக்கும் மண்ணைக் கொடுத்துக் கிடைத்த சில்லறையில் ஒன்று இந்தப் பேய்களின் ஊர். லோய் மக்களின் பேச்சில் இன்றும் லாவோஸின் பழைய தலைநகரான லுவாங் பிரபாங் பக்கத்து ராகம் கேட்பதும், விழாவின் பழக்கங்கள் பாங்காக்கைவிட லாவோஸுக்கு நெருக்கமாக இருப்பதும் இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் புதிராக இருக்காது.

மாகாணம் முழுக்க டான் சாய் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். வடக்கே மீகாங் கரையிலுள்ள சியாங் கானுக்கு அருகில் நா சாவ் கிராமத்தில் 'பி கோன் நாம்' என்ற இன்னொரு பேயாட்டம் உண்டு. மாட்டுத் தலை போலக் கொம்பு வைத்த முகமூடிகள், கழுத்தில் மணிகள். உழவுக்கு உழைத்த எருமைக்கும் மாட்டுக்கும் மூதாதை ஆவிகளுக்கும் நன்றி சொல்லி, விசாகத்தை ஒட்டி நடக்கும். 'நாம்' என்றால் தண்ணீர். ஆடி முடித்தால் மழை வந்துவிடுகிறது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் என்கிறார்கள். சியாங் கான் ஊரில் வாழைமட்டையும் மெழுகுப் பூவும் கொண்டு சிறு கோபுரம் செய்து, நகத்தையும் முடியையும் வெட்டி அதில் வைத்து, பீடையைப் போக்க மீகாங்கில் மிதக்கவிடும் வழக்கம் இருக்கிறது. விட்டதும் திரும்பிப் பார்க்கக்கூடாது. லோய் நகரத்தில் பிப்ரவரியில் பருத்திப்பூ, இனிப்புப் புளி பெயரில் ஒரு பெரிய சந்தை விழா. அது அலுவலகங்கள் நடத்தும் பொருட்காட்சி, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, டான் சாய்க்குத் திரும்புவோம். முன்பு இரண்டாம் நாள் சாயங்காலம் ராக்கெட் விட்டு முடிந்ததும், ஆடியவர்கள் முகமூடியையும் கந்தலையும் கழற்றி மன் ஆற்றில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஊரின் கெட்டதையெல்லாம் பேய் சுமந்துகொண்டு தண்ணீரோடு போய்விடும். அந்த முகமூடியை வீட்டுக்குள் கொண்டுவருவது நல்லதில்லை. சோற்றுக் கூடையும் தென்னை மட்டையும்தானே, எறிவதில் நட்டமும் இல்லை.

சுற்றுலாத் துறை இந்த ஊரைக் கண்டுபிடித்த பிறகு கணக்கு மாறியது. 'புன் லுவாங்' என்று சுவரொட்டி அடித்தால் யார் வருவார்கள்? 'பி தா கோன்' என்றால் வருவார்கள். பேய் முன்னுக்கு வந்தது, புண்ணியம் பின்னுக்குப் போனது. முகமூடிக்குப் போட்டி வந்தது, பரிசு வந்தது. வாரக்கணக்கில் வண்ணம் தீட்டிய முகமூடியை ஆற்றில் எறிய யாருக்கு மனம் வரும்? மூக்கு நீண்டது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். புகைப்படத்தில் குட்டை மூக்கு எடுபடாது. இளைஞர்கள் மட்டுமே கட்டிய வேடத்தை இன்று பெண்களும் பள்ளிக் குழந்தைகளும் கட்டுகிறார்கள். முகமூடிகள் கடைகளில் தொங்குகின்றன. வாட் போன் சாய் வளாகத்திலேயே அவற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இதை வெறும் கெட்டுப்போன கதையாக எழுதுவது எளிது. கெட்டது எது, வளர்ந்தது எது என்று பிரிப்பதுதான் கடினம். முகமூடி செய்யும் கை இன்று ஊரில் அதிகம். வேலை தேடிப் பாங்காக் போனவர்கள் விழாவுக்குத் திரும்ப இன்னொரு காரணம் கிடைத்திருக்கிறது. ஆனால் எறிவதற்காகச் செய்த பொருள் வைத்துக்கொள்ளும் பொருளாகிவிட்டால், அது சுமந்துகொண்டு போக வேண்டிய கெட்டது எங்கே போகும்? இதை யாராவது குவானிடம் கேட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். ஊர்வலம் முடிந்த இரவே வண்டிகள் கிளம்பிவிடும். தெருவில் மிதிபட்ட காகிதமும் காலிப் புட்டிகளும் கிடக்கும். விகாரைக்குள் விடியற்காலையிலேயே வெஸ்ஸந்தர ஜாதகம் தொடங்கிவிடும். பதின்மூன்று அத்தியாயங்கள், மூலத்தில் ஆயிரம் பாலிச் செய்யுள்கள். ஒரே நாளில் முழுவதும் கேட்டவர்கள் அடுத்த புத்தரான மைத்ரேயரின் காலத்தில் பிறப்பார்கள் என்பது நம்பிக்கை. வெள்ளைச் சேலையைத் தோளில் குறுக்காகப் போட்ட கிழவிகள் பாயில் கால் மடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜூஜகன் அத்தியாயத்துக்குச் சிரிப்பார்கள், குழந்தைகள் அத்தியாயத்துக்குக் கண்ணைத் துடைப்பார்கள், நடுவில் கொஞ்சம் தூங்குவார்கள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்துக்கு 'ஆறு அரசர்கள்' என்று பெயர். பாட்டன், பாட்டி, மகன், மருமகள், பேரன், பேத்தி ஆறு பேரும் காட்டில் சந்திக்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் ஆறு பேரும் மயங்கி விழுகிறார்கள். அப்போது வானத்திலிருந்து ஒரு மழை இறங்குகிறது. நனைய விரும்பியவர்களை மட்டும் அது நனைக்கும். விரும்பாதவர் மேல் தாமரையிலைத் தண்ணீர் போல ஒரு துளிகூட நில்லாமல் உருண்டு போய்விடும்.